பெயர் வெட்டிய ரம்பம்

கடையில் அந்த ஆரஞ்சு நிறச் செயின் சா ரம்பத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் ஹாஜா நஜ்முதீன் என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்துக்கு வாட்ச் எடுத்துக் கொடுத்தபோதுகூட மனுஷர் இப்படிச் சிரித்ததில்லை. ரம்பத்தின் நீளம் பதினெட்டு அங்குலமா, இருபது அங்குலமா என்று ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. ரிவ்யூ படிப்பார், யூடியூப் பார்ப்பார், சோறு ஆறிப்போகும். வேலை போனதிலிருந்து அவருக்கு மண்டையைக் குடைய வேறு எதுவும் இல்லை, போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நானோ அந்தச் சங்கிலிப் பல்லைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய இந்த மான்மவுத் ஜங்ஷன் ஊரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆஷ் மரம். பூச்சி அரித்துச் செத்துப்போய், இந்தக் கோடையில் ஒரு இலைகூட விடவில்லை. வீட்டுப் பக்கம் விழுந்தால் மகள் மலீஹாவின் ரூம் மேல்தான் விழும். மரம் வெட்டும் கம்பெனிக்காரன் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, நானே வெட்டிக்கொள்கிறேன் என்று இவர் கிளம்பிவிட்டார். போன சனிக்கிழமை வீட்டிலிருந்த சின்ன பேட்டரி ரம்பத்தால் பாதி அறுத்திருப்பார். வேலிப் பக்கம் சாய வேண்டிய மரம் லேசாக வீட்டுப் பக்கம் உட்கார்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. மேலே எங்கோ படக்கென்று ஒரு சத்தம். நான் கிச்சன் ஜன்னலிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன். ஓட வேண்டிய மனுஷர், ஒரு காலை மரத்தில் ஊன்றி ரம்பத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்! யா அல்லாஹ், அது தள்ளுபடியில் வாங்கிய சாமான். மரம் அன்றைக்கு விழவில்லை, அதனால் பிழைத்தார். வேறு எந்தச் சாமர்த்தியமும் இல்லை. ரம்பம் இன்னும் மரத்துக்குள்தான் இருக்கிறது. மலீஹா எங்கள் ரூமில் தரையில் படுக்கிறாள். கம்பெனிக்காரனை மறுபடி கூப்பிட்டால், பாதி அறுத்த மரம் என்றால் ஆபத்து அதிகம், கூலியும் அதிகம் என்றுவிட்டான். திங்கட்கிழமை பெரிய காற்று வருகிறது என்று போனில் எச்சரிக்கை வேறு.

"இருபதே எடுத்துக்கலாம் ரசியா. மரம் அவ்ளோ தடி. ரெண்டு ஆப்பும் வாங்கிக்கிறேன், அடிச்சு வேலிப் பக்கம் தள்ளிடலாம்."

"வெலையப் பாத்தீங்களா மச்சான்?"

"அதப் பத்தி கவலப்படாத. யூஸ் பண்ணிட்டு, பெட்ரோல வடிச்சு, நல்லா தொடச்சு கடைலயே ரிட்டர்ன் பண்ணிடலாம். சிவராமகிருஷ்ணன் அங்கிள் எல ஊதித் தள்ளுற லீஃப் ப்ளோயர அப்படித்தான் பண்ணாராம்."

"அது ஹராம்."

"ரிட்டர்ன் பாலிசின்னு கடைக்காரனே போர்டு எழுதி வச்சிருக்கான்ல?"

சிவராமகிருஷ்ணன் அங்கிள் பக்கத்துத் தெருக்காரர். அவரை மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டு காரில் ஏறினேன்.

மறுநாள் ஞாயிறு காலையில் பார்த்தால், கராஜில் உட்கார்ந்து அந்த ரம்பத்தின் உடம்பு முழுக்க நீல டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார். கீறல் விழக்கூடாதாம். டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றாத மனுஷர் வேறென்ன செய்வார்? முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் போன சனிக்கிழமை அவர் இழுத்துக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"மச்சான், மரம் அசைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"பின்னால குறுக்கா ஓடி வந்துருவேன். எல்லா வீடியோலயும் அதான் சொல்றான்."

"ரம்பம்?"

"கைலதான் இருக்கும்." என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கீழ போட்டா ஒடஞ்சிரும்ல?"

இந்த மனுஷர் அதைப் போட மாட்டார். மரம் தலைக்கு மேல் வந்தாலும் பிள்ளையை அணைத்த மாதிரி அதை அணைத்துக்கொண்டுதான் நிற்பார். போகாதீர்கள் என்று சொல்லவும் முடியாது. நாளைக்குக் காற்று வந்தால் மரம் யாரைக் கேட்டு விழும்?

மதியம் லுஹர் தொழ அவர் மாடிக்குப் போனார். நான் கராஜில் நின்று அந்த ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணச் சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் என் உம்மா பெயர் வெட்டித்தான் கொடுத்தார்கள். பெயர் வெட்டிவிட்டால் எந்தக் கடைக்காரனும் திருப்பி எடுக்க மாட்டான். டேப்பை உரித்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அந்த ஆரஞ்சு நிறத்தின் மேல் அழுத்தி அழுத்தி 'ஹாஜா' என்று வெட்டினேன். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியதில் துணைக்கால் கோணிப்போனது. பரவாயில்லை என்று இன்னும் ஆழமாக இழுத்தேன்.

இறங்கி வந்தவர் பார்த்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். உரித்துக் கிடந்த டேப்பைக் கையில் எடுத்தார்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"பேர் வெட்டியிருக்கேன். இனிமே அது நம்மளுது. கீழ போடலாம், ஒடைக்கலாம், யாருக்கும் பதில் சொல்ல வேணாம்."

"இந்தக் காசுக்கு நான் எங்க போவேன் ரசியா?"

"உங்களுக்கு நான் எங்க போவேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

நான் மலீஹாவைக் கூட்டிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கூரையும், கூரைக்கு மேல் மரத்தின் மொட்டைத் தலையும்தான் தெரியும். ஆள் தெரியாது.

"உம்மா, இஸ் வாப்பா கோயிங் டு டை?"

"வாயக் கழுவு." அவள் கையை நசுக்கிப் பிடித்தேன்.

ரம்பம் உறுமத் தொடங்கியது. நிற்கும், ஆப்பு அடிக்கும் சத்தம் கேட்கும், மறுபடி உறுமும். எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓத ஓத ஒன்றுக்குள் ஒன்று கலந்து வந்தது. திடீரென்று மரம் முறியும் சத்தம், எலும்பு ஒடிகிற மாதிரி. ரம்பத்தின் உறுமல் சட்டென்று இறங்கி, எங்கோ தரையில் கிடந்து முனகியது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

வீட்டின் பக்கவாட்டிலிருந்து அவர் ஓடி வந்தார். ஹெல்மெட் இல்லை. வாயைத் திறந்துகொண்டு, வெறுங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு, கண் தெரியாதவர் மாதிரி எங்களை நோக்கி ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், கூரைக்கு மேலே, அந்த மொட்டைக் கிளைகள் ஒரு தடவை எங்கள் பக்கம் சாய்ந்தன. பிறகு கூரையில் விழாமல் அப்படியே நின்றன.