ஹந்தானை வளைவில் மாப்பிள்ளை பார்த்தது

எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கார் கொடுப்பது வழக்கம். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு வந்துவிடுவார். என்னைப் பிரிகிற கவலை வாப்பாவுக்கு இல்லை. கவலையெல்லாம் காரைப் பற்றித்தான். கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் மக்கீன் ஹாஜியார் என்ற என் வாப்பாவுக்குப் பின்சக்கரம் தள்ளும் அந்தப் பழைய ஜப்பான் கார்தான் உயிர். அதைக் கண்டவன் கையில் கொடுக்க மனசு வரவில்லை. ஆகவே பெண் பார்க்க வருகிறவர்களை ஹந்தானை மலைப்பாதைக்குக் கூட்டிப்போய், வேகமாக வளைக்கச் சொல்லிச் சோதித்தார். எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"வளைவுல காருட வால் சறுக்கக்குள்ளதான் ஆம்பிளைட குணம் தெரியும்" என்பார் வாப்பா. முதலில் வந்தவர் வால் சறுக்கியதும் பிரேக்கை மிதித்தார். கார் சுழன்று வந்த வழியைப் பார்த்து நின்றது. கஷ்டம் வந்தால் திரும்பி ஓடுகிற ஆள் என்று வாப்பா தள்ளிவிட்டார். இரண்டாவது ஆள் வளைவுக்கு முன்பே இறங்கி, வந்த முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாவது நஸீப். பேராதனையில் மருந்துக்கடை. எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பிடித்துப் போயிற்று. இவரையும் இழக்க நான் தயாராக இல்லை. போனில் பாடம் நடத்தினேன்.

"வால் எந்தப் பக்கம் போகுதோ, ஸ்டியரிங்கையும் அந்தப் பக்கமே திருப்புங்க. பிரேக்கைத் தொட வாணாம்."

"எனக்குக் காரே வாணாமே, ஸுமைரா. உங்கட வாப்பாட்ட செல்லட்டா?"

"அப்பிடி ஒரு வார்த்தை செல்லிப் போடாதீங்க! காரை வாணாமெண்டா மகளையும் தர மாட்டார்."

சோதனை நாளில் மழை தூறியிருந்தது. நஸீப் ஓட்டினார். வாப்பா பக்கத்தில், நான் பின்னால்.

"அமத்துங்க தம்பி, அமத்துங்க!" என்று வேகத்தைக் கூட்டச் சொன்னார் வாப்பா.

வளைவில் காரின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கிச் சறுக்கியது. நான் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. நஸீப் இரண்டு காலையும் மேலே இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிடிக்க ஆளில்லாத ஸ்டியரிங் தானாகச் சுழன்றது. முன்சக்கரங்கள் சறுக்கிய பக்கமே திரும்பின. கார் ஓர் ஆட்டம் ஆடி, நேராகி, ஒன்றும் நடக்காததுபோல் உருண்டது.

வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "காரோட சண்டை புடிக்கல்ல, பாத்தீங்களா மகள்! அதை அதுட வழியில விட்டார், என்ட மருமகன்!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நஸீப் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா?

"இல்ல மாமா, பயத்துல கையை விட்டுட்டன்" என்றார் நஸீப். அவ்வளவு நேர்மை யாருக்கு வேண்டும்? ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

வாப்பா நம்பவில்லை. "அடக்கம்! வித்தையை மறைக்கப் பாக்குறீங்க. இங்கால வாங்க, நானும் செஞ்சு பாக்குறன்."

இடம் மாறினார்கள். வாப்பா காரைத் திருப்பிக் கொண்டுபோய், மறுபடி அதே வளைவுக்கு வேகமாக வந்தார். வால் சறுக்கியது. துஆ கேட்கிற மாதிரி இரண்டு கையையும் உயர்த்தினார். கையை மட்டும்தான் விட்டார். ஊருக்கெல்லாம் சோதனை வைத்த மனுஷரின் கால் பிரேக்கை அழுத்தி மிதித்தது. கார் சுழன்று, பின்பக்கமாகப் போய்த் தேயிலைச் செடிகளுக்குள் ஏறிச் சரிந்து நின்றது.

வாப்பா இறங்கினார். காரின் ஒரு பக்கம் முழுக்க நசுங்கிச் சப்பளிந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் காரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேற்றில் வழுக்கி வழுக்கி என் கதவுக்கு வந்தார், அதைப் பிய்க்காத குறையாகத் திறந்தார், என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"மகள், உங்களுக்கு ஒண்டுமில்லையே? செல்லுங்க, ஒண்டுமில்லையே?"

இத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் கரைந்து, நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

பிறகுதான் முன்சீட்டை எட்டிப் பார்த்தார். "மருமகன், காரைத் தர ஏலாமப் போச்சு. மகளை மட்டும் கலியாணம் முடிப்பீங்களா?"

நஸீப் தலையாட்டிய வேகத்தில் கார் இன்னும் கொஞ்சம் சரிந்தது.