அழித்தும் அழியாத வெள்ளிக்கிழமை

'பிரவுசிங் டேட்டாவை நீக்கவா?' என்று கேட்டது கம்ப்யூட்டர்.

கேட்கவே வேண்டாம். போட்டோ ஸ்டூடியோ அக்கா மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள். அன்று மதியம் பார்த்த வீடியோக்கள், எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுகள், டெஸ்ட் தேதி பார்த்த பக்கம் எல்லாம் சுவடில்லாமல் மறைந்தன. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு டிரைவிங் டெஸ்ட். மூன்றாவது முறை. போன தடவை ரிவர்ஸ் எடுத்தபோது வண்டி கம்பத்தில் போய்ச் சாய்ந்தது. அவள் வீடு திரும்பும் முன்பே செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. உபயம், நாத்தனார். தெரு அவளுக்கு வைத்த பெயரே ரேடியோ. மருந்துக்கடை அம்மா முதுகைத் தடவி, "விடும்மா, கார் ஓட்டாதவங்க எல்லாம் வாழலையா?" என்றபோதுதான் தெரிந்தது, தோல்வியைவிட ஆறுதல் அதிகமாக வலிக்கும் என்று.

இந்த முறை தோற்றாலும் தனியாகத் தோற்க வேண்டும். கணவருக்குக்கூடத் தெரியக்கூடாது. போட்டோ பேப்பர் வாங்குகிற சாக்கில் ஊரின் மறுகோடியில் டிரைவிங் ஸ்கூல். பாடம் படிப்பது மட்டும் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில்.

இடம் பத்திரமானதுதான். அவள் முதுகுக்குப் பின்னால் சுவர். முன்னால் கவுண்டர். கவுண்டர் மேல், காத்திருப்பவர்களின் பெஞ்சைப் பார்த்தபடி இன்னொரு திரை. எடுத்த படங்கள் அதில் வரும், பிடித்ததைக் கைகாட்டுவார்கள். அவளுக்குத் தெரிவது அதன் முதுகும் ஒரு கொத்து வயரும்தான்.

புதன்கிழமை முதல் குண்டு விழுந்தது.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த டாக்ஸிக்காரர், பெஞ்சில் உட்கார்ந்தபடியே யாரிடமோ பேசுவதுபோல் சொன்னார். "ரிவர்ஸ்ல கண்ணாடியை மட்டும் நம்புறான் பாரு, அவன்தான் இடிப்பான். கழுத்தைத் திருப்பணும். கழுத்து எதுக்கு இருக்கு?"

அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது ரிவர்ஸ் வீடியோ!

"என்னண்ணே சொல்றீங்க?"

"சும்மா. என் மச்சானை நெனச்சேன்."

அன்று ஹிஸ்டரியோடு குக்கீஸையும் அழித்தாள். வியாழக்கிழமை மருந்துக்கடை அம்மா சில்லறை மாற்ற வந்தாள். போகிறபோக்கில், "நாளைக்கு மழை இல்லையாம். ரோடு நல்லா காஞ்சு கெடக்கும்" என்றாள்.

எங்கேயோ ஓட்டை! 'எல்லா நேரமும்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கண்ணில் பட்ட கட்டம் அத்தனையிலும் டிக் போட்டு அழித்தாள். கம்ப்யூட்டர் பிறந்த குழந்தையாகிவிட்டது. கணவரின் பாஸ்வேர்டுகளும் அதோடு போய்ச் சேர்ந்தன. அவர் தலையைச் சொறிந்தாரே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனுஷன் கேட்காததுதான் இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"பேப்பர் வாங்கப் போறேங்க."

மாடிப்படியில் ரேடியோ வழிமறித்தாள். "அண்ணி, அந்தக் குதிகால் செருப்பு வேணாம். தட்டையா ஒண்ணு போட்டுட்டுப் போங்க."

"பேப்பர் வாங்க எந்தச் செருப்பா இருந்தா என்ன?"

"பேப்பர் கனமா இருக்கும்ல!" என்று சொல்லிவிட்டு ரேடியோ உள்ளே ஓடிப்போனாள். வாழ்நாளில் முதல்முறையாக, பாதிப் பேச்சில்!

செருப்பை மாற்றிக்கொண்டாள்.

டெஸ்டில் இன்ஸ்பெக்டர் முகத்தில் சிரிப்பே இல்லை. "ரிவர்ஸ்" என்றார். கண்ணாடியில் அதே மாதிரி ஒரு கம்பம் முறைத்தது. கழுத்து எதுக்கு இருக்கு? திருப்பினாள். வண்டி நூல் பிடித்த மாதிரி கோட்டுக்குள் போய் நின்றது.

"பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டர். அப்போதும் சிரிக்கவில்லை. அவளே இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது பெஞ்சில் இடமில்லை. டாக்ஸிக்காரர், மருந்துக்கடை அம்மா, ரேடியோ, நின்றபடி கணவர். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"பாஸ்" என்றாள்.

கூரை பறந்துவிடும்போல ஒரு கூச்சல். டாக்ஸிக்காரர் விசில் அடித்தார். ரேடியோ அழுதேவிட்டாள்.

"நில்லுங்க! யார் சொன்னா உங்களுக்கு? நான்தான் எல்லாத்தையும் அழிச்சேனே!"

கணவர் அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரே, அந்த இன்னொரு திரையில், அவளுடைய கம்ப்யூட்டர் அப்படியே முழுசாகத் தெரிந்தது.

"சர்வீஸுக்குக் கொடுத்தோம்ல, அப்ப செட்டிங் மாறிப்போச்சு. போட்டோ மட்டும் வர்றதுக்குப் பதிலா எல்லாமே வருது" என்றார்.

"நான் அழிச்சது?"

"அதையும்தான் பார்த்தோம்" என்றாள் மருந்துக்கடை அம்மா. "நீ ரொம்ப சுத்தமா அழிச்சேம்மா."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்து, கோபத்தைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றது. "ஏங்க, மாத்தி வெச்சிருக்கலாம்ல?"

"மாத்தத்தான் போனேன். இவங்க விடல. நீ படிக்கிறதைப் பார்க்கவே இவர் டாக்ஸியை விட்டுட்டு வந்து உட்கார்ந்துட்டாரு."

"நான் தோத்திருந்தா?"

டாக்ஸிக்காரர் தொண்டையைச் செருமினார். "பேசி வெச்சுட்டோம்மா. யாரும் எதையும் பார்க்கலை, உனக்கு டெஸ்ட்டே கிடையாது. மண்டையிலேர்ந்து அழிச்சுடறதுன்னு முடிவு."

"இவளுமா?"

"நானும்தான் அண்ணி" என்றாள் ரேடியோ. "மூணு நாளா சோறு இறங்கலை. சத்தியமா சொல்றேன், நீங்க கார் ஓட்டினதைவிட இது கஷ்டம்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து தன் நாற்காலிக்குப் போனாள். அந்தத் திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

பெஞ்சில் ஒரே முனகல். "அடுத்தது என்னன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவள் எதையோ தட்டினாள். படித்தாள். முகம் மலர்ந்தது.

"என்ன தேடுறே?" கணவர் எட்டிப் பார்ப்பதற்குள் மவுஸ் ஒரு தட்டு.

"எதையும் தேடலையே" என்றாள்.