நாலு மூலையும் ஒட்டிய பெட்டி

காகிதத்தில் எது வேண்டுமானாலும் செய்யச் சொல்லுங்கள், செய்து தருவேன். இதழ் இதழாக விரிந்த ரோஜா, உள்ளங்கையில் நிற்கிற யானை, மூடியைத் தூக்கினால் உள்ளே பூத்துக் கிடக்கிற பரிசுப் பெட்டி, எதுவும். ஆனால் ஓய்வு பெற்ற கணவனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு செய்யச் சொல்லாதீர்கள். அதற்கு வேண்டிய பொறுமை என்னிடம் இல்லை. இருந்த கொஞ்சமும் தீர்ந்துவிட்டது.

இவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கப்பலேறிப் போகிற பெட்டிகள். பெட்டி என்றால் மாடியிலிருந்து தூக்கிப் போட்டாலும் பிரியக் கூடாது, இதுதான் இவருடைய வேதம். வேலையை விட்டு வந்த மறுநாளே என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பூ செய்தால், "காம்பு வீக்கா இருக்கே" என்பார். முயல் செய்தால் அதன் காதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது லாரியில போனா தாங்காது" என்பார்.

"முயல் எதுக்குங்க லாரியில போகணும்?" என்று கேட்டால் சிரிப்பார். கோபமாவது வருமா என்றால் வராது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்படி இருக்கும்போதுதான் டிரைவர் தம்பி வந்தார். எங்கள் தெரு வழியாகப் போகிற டவுன் பஸ்ஸை ஓட்டுகிறவர். கண்டக்டர்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் 'ம்'. எதைக் கேட்டாலும் அதற்கு மேல் பதில் வராது. வந்தவர் வாசலில் நின்று, "பெட்டி வேணும்" என்றார். அவ்வளவுதான். யாருக்கு, எதற்கு, எப்போது என்று ஒவ்வொன்றாக நான்தான் பிடுங்க வேண்டியிருந்தது.

"சம்சாரத்துக்கு."

"பிறந்தநாளா?"

"இல்லக்கா. அவ அக்கா வீட்ல இருக்கா. சனிக்கிழமை வேற ஊருக்குக் கிளம்புறா. வேலை கிடைச்சிருக்கு."

"திரும்பி எப்ப வருவாங்க?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "வர மாட்டா போல."

எனக்குத் திக்கென்றது. "என்ன தம்பி, சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்லக்கா. இத்தனை வருஷமா சுவத்தோட குடும்பம் நடத்திட்டேன், போதும்னு சொன்னா."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா இந்த மனுஷனுக்கு? ஆனால் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சவரம்கூடச் செய்யவில்லை. தனக்குப் பேச வராது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் காகிதத்திடம் வந்திருக்கிறார். மேலும் கொஞ்சம் பிடுங்கியதில் விஷயம் கிடைத்தது. இருவரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டது ஒரு பஸ் ஸ்டாப்பில். மழை. அவளிடம் குடை இருந்தது, இவரிடம் இல்லை. அந்தக் காட்சி பெட்டிக்குள் வேண்டும்.

"குடை என்ன கலர் தம்பி?"

நெடுநேரம் யோசித்தார். "கறுப்பு."

இந்த மாதிரிப் பெட்டியின் சூட்சுமம் மிகச் சின்னது. நான்கு சுவர்களும் அடித்தட்டோடு மட்டும்தான் ஒட்டியிருக்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. மேலே மூடி இருக்கும்வரை அது பிடித்துக்கொள்ளும். மூடியைத் தூக்கியதும் நான்கும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தரையில் விரியும், நடுவில் உள்ளது தெரியும். பார்க்கிறவர்கள் "ஐயோ!" என்று கையைத் தட்டாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

உயிரைக் கொடுத்துச் செய்தேன். மெல்லிய பட்டைகளைச் சுருட்டிச் சுருட்டி இரண்டு பேரையும் எழுப்பினேன். அவருக்கு யூனிஃபார்ம், சட்டைப் பையில் பேனா. அவளுக்கு நீளப் பாவாடை. அதன் ஒவ்வொரு மடிப்பையும் ஊசி முனையால் அழுத்தி மடித்தேன், கண்ணே பூத்துப் போனது. சுவர்களின் உள்பக்கம் முழுக்க மழைக் கோடுகள், அடியில் நீலப் பூக்கள். கறுப்புக் குடையைக் கொஞ்சம் தாராளமாகவே செய்தேன். இரண்டு பேரில் யாரும் நனையக் கூடாது என்று எனக்கு ஒரு ஆசை.

சனிக்கிழமை மதியம் ரிப்பன் தீர்ந்துபோனது. "எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். வந்தபோது இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளையாக இருக்கிறாரே என்று நினைத்தேன் பாருங்கள், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூடியிருந்த பெட்டிக்கு ரிப்பன் கட்டினேன். டிரைவர் தம்பி சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, இதை அவங்க முன்னாடி வைங்க. மூடியை அவங்களே தூக்கட்டும், சுவர் நாலும் தானா விழும். நீங்க வாயைத் திறக்கவே வேணாம், மத்ததைப் பெட்டி பாத்துக்கும்" என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

"ம்" என்று கிளம்பிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் இவர் பேப்பரை மடித்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"நல்ல வேளை, நான் பாத்தேன். இல்லன்னா உன் மானம் போயிருக்கும்."

"என்னத்தைப் பாத்தீங்க?"

"சும்மா மூடியைத் தூக்கிப் பாத்தேன். நாலு பக்கமும் பொத்துனு விழுந்துடுச்சு. மூலையை ஒட்டவே மறந்திருக்க நீ. உள்ள இருக்கிற பொம்மை கலையாம, நாலு மூலைக்கும் வெளிப்பக்கமா அதே கலர்ல பட்டை போட்டு ஒட்டிட்டேன். ரெண்டு தடவை பசை. இனிமே யானை மிதிச்சாலும் பிரியாது."

என் வாயில் என்னவெல்லாம் வந்தது என்று எழுத மாட்டேன், அச்சில் ஏறாது. இவர் பாவம் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்தா விழற பெட்டியை எவனாவது பெட்டின்னு சொல்வானா?" என்றார் கடைசியில்.

போன் செய்தேன். டிரைவர் தம்பி எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்ற பழக்கம், நடந்து போகும்போதும் எடுக்க மாட்டார் போலிருக்கிறது. தபால் ஆபீஸுக்குப் பின்னால், தையல் கடை மாடியில்தான் அந்த அக்கா வீடு என்று அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. "எடுங்க ஸ்கூட்டரை!" என்று கத்தினேன்.

இவர் ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பற்றி என்ன சொல்ல? சைக்கிளில் வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்தது. "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றால், "நிதானமா போனாதான் போய்ச் சேர முடியும்" என்கிறார். அங்கே ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது, இவருக்கு நிதானம்! பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். நான் செய்த பெட்டியால் ஒரு பெண் ஊரை விட்டே போகப் போகிறாளே!

மாடிக் கதவு திறந்தே இருந்தது. வாசலில் இரண்டு சூட்கேஸ்கள். உள்ளே மேசையில் பெட்டி. டிரைவரின் மனைவி ஒரு கையில் மூடியைப் பிடித்தபடி குனிந்து பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்கள் நான்கும் இம்மியும் அசையாமல் நின்றன. மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? என்னுடைய தாராளமான கறுப்புக் குடைதான் தெரியும். அதற்குக் கீழே இருக்கிறவர்களின் தலைமுடிகூடத் தெரியாது.

"குடை" என்றாள். "ஊரை விட்டுப் போறவளுக்கு ஒரு குடை. ரொம்பச் சந்தோஷம்."

டிரைவர் தம்பி பெட்டியின் ஒரு சுவரை விரலால் மெதுவாகத் தட்டினார். விழவில்லை. இன்னொன்றைத் தட்டினார். அதுவும் விழவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் அழாத குறையாக நின்றார்.

நான் பாய்ந்து உள்ளே போனேன். "அம்மா, இதைச் செஞ்சது நான்தான். தப்பு நடந்துபோச்சு. நீங்க மூடியைத் தூக்கினதும் இந்தச் சுவர் நாலும் விழுந்திருக்கணும்..."

"சுவர் எப்படிக்கா விழும்?" என்று அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "நான் எவ்வளவு வருஷமா முட்டிப் பாத்திருக்கேன்."

இதற்குள் இவர் சட்டைப் பையிலிருந்து கட்டரை எடுத்துவிட்டார். தொழிற்சாலையை விட்டு வந்தும் அது பையை விட்டுப் போகவில்லை. "ரெண்டு நிமிஷம்மா, சுத்தமா அறுத்துக் குடுத்துடறேன். ஆனா ஒட்டு என்னமா நிக்குது பாத்தீங்களா?" நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"அறுக்க நேரம் இல்லன்னா நானே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தேன். "அந்தக் குடைக்குக் கீழ..."

அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "நீங்க சொல்லாதீங்கக்கா. நீங்க நல்லாத்தான் சொல்லுவீங்க. நீங்களும் அறுக்காதீங்க சார். குடைக்குக் கீழ என்ன இருக்குன்னு இவர் சொல்லட்டும். இல்லன்னா எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். இந்த மனுஷன் எங்கே பேசப் போகிறார்?

"நீ" என்றார் அவர்.

"நான்?"

"நீ இருக்க. கீழ. நானும்." நிறுத்தினார். அவள் ஒரு சூட்கேஸின் பிடியைத் தொட்டாள். அவர் குரல் கொஞ்சம் ஏறியது. "மழை. பஸ் வரல. நீ திட்டிக்கிட்டே நின்ன. எந்தக் கடன்காரன் ஓட்டற பஸ்ஸோன்னு திட்டின. நான்தான் அந்தக் கடன்காரன். வண்டி வழியில நின்னுபோச்சு. ஸ்டாப்ல சொல்லிட்டு வரலாம்னு நடந்து வந்தேன். நனைஞ்சிட்டு வரேன்னு நீ குடையை இந்தப் பக்கம் சாய்ச்ச."

"தெரியும். அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நின்னோம்."

"மாத்து வண்டி வந்துச்சு."

"எப்ப?"

"கொஞ்ச நேரத்துலயே. எதிர்ப் பக்கம் வந்து நின்னுச்சு. ஹாரன்கூட அடிச்சான். நான் போகச் சொல்லி கையைக் காட்டிட்டேன். நீ பாக்கல. குடை மறைச்சிருச்சு." மூச்சு வாங்கியது அவருக்கு. "எனக்கு மெமோ குடுத்தாங்க. உன்கிட்ட சொல்லணும்னு அன்னிக்கே நினைச்சேன். சொல்ல வரல. நீ போகாத. நீ போனா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல."

எனக்குக் கோபம்தான் வந்தது. மாற்று வண்டி வந்ததை இந்த மனுஷன் என்னிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால் ஒரு பஸ்ஸும் செய்திருப்பேனே!

அவள் மூடியை மேசையில் வைத்தாள். சூட்கேஸின் மேலேயே உட்கார்ந்தாள். பிறகு, "என் குடை கறுப்பு இல்ல. பச்சை" என்றாள்.

"கறுப்பு."

"என் குடை எனக்குத் தெரியாதா? பச்சை!"

"மழையில கறுப்பா தெரிஞ்சுது."

"சரி. அப்புறம்? மெமோ குடுத்தவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

இவர் இன்னும் கட்டரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் திரும்பி, "கடைசி வரைக்கும் பிரியலை பாத்தியா?" என்றார். அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அவள் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எதிரே ஸ்டாப்பில் பஸ் நின்றது, ஜன்னல் வழியாக டிரைவர் தம்பி எட்டிப் பார்த்துக் கையசைத்தார்.

"வாம்மா, வா. குடு, மூலையெல்லாம் சுத்தமா பிரிச்சுத் தரேன். நீ உள்ள என்ன இருக்குன்னு இன்னும் பாக்கவே இல்லையே" என்று கத்தியை எடுத்தேன்.

அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, பிரிக்க வேணாம்க்கா. குடை மட்டும் பச்சையா மாத்திக் குடுங்க, போதும். உள்ள என்ன இருக்குன்னு அவர்தான் தினம் சொல்றாரே."

ஊசி முனையால் மடித்த பாவாடை மடிப்பு! சட்டைப் பையில் பேனா! அத்தனையும் இனி ஒருவர் கண்ணிலும் படாது. மேலிருந்தே கறுப்புக் குடையை அறுத்து எடுத்துவிட்டு, பச்சைக் குடையைச் செருகினேன். எதிர் நாற்காலியில் இவர் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையில் அடுத்த பெட்டி விரிந்து கிடந்தது. சிரித்து முடித்ததும் பசை டப்பாவைக் கையில் எடுத்து, முதன்முறையாக என்னிடம் கேட்டார்.

"இதுக்கு மூலை ஒட்டணுமா, வேணாமா?"