ஜெபல் அக்தரில் பெண் பார்த்தது

என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களை நிஸ்வா கோட்டையில் வைத்துச் சந்திப்பது என்று முடிவு செய்தவள் என் அம்மா உமாராணி. மாப்பிள்ளை வீட்டார் துபாயில், அல் குசைஸில் இருந்தார்கள். நாங்கள் ஓமானில், மஸ்கட்டின் ரூவியில். நிஸ்வா என்றால் எங்களுக்கு ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம், அவர்களுக்கும் மஸ்கட் வரை வருகிற அலைச்சல் மிச்சம். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. ஏற்கெனவே இரண்டு முறை எங்கள் ஃபிளாட்டில் பெண் பார்த்து, இரண்டும் தட்டிப்போயிருந்தது. பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்த வாசனையிலேயே கட்டடம் முழுக்க விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு மாதத்துக்கு லிஃப்டில் ஏறினால் "என்னம்மா, ஏதும் தகவல் வந்துச்சா?" என்பார்கள். கோட்டையில் பார்த்தால், ஆகாவிட்டாலும் சுற்றுலா போன கணக்கில் சேர்ந்துவிடும் என்பது அம்மாவின் எண்ணம்.

தட்டிப்போன இரண்டுக்கும் காரணம் என் பஜேரோ வண்டி. கோனு புயலுக்குப் பிறகு எங்கள் ஆபீஸ் மேனேஜர் நாட்டை விட்டுக் கிளம்பியபோது அவரிடமிருந்து வாங்கினேன். என் சம்பளத்தில், என் பெயரில். முதலில் வந்தவர்கள், பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இம்மாம் பெரிய வண்டி என்றார்கள். அடுத்து வந்தவர்கள் கொஞ்சம் நாகரிகம். கல்யாணத்துக்கு முன்னால் விற்றுவிடலாம் இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். முடியாது என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். நாகவள்ளி என்று பெயர் வைத்ததால்தான் இப்படிச் சீறுகிறாள் என்று அம்மா அன்றைக்கெல்லாம் பெயர் வைத்த அப்பாவைத் திட்டினாள்.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போதே உத்தரவு போட்டுவிட்டாள்.

"இன்னைக்கு ஒரு நாளு ஸ்டியரிங்கத் தொட்ட, அம்புட்டுத்தான். அப்பா ஓட்டட்டும். கேட்டா அப்பா வண்டின்னு சொல்லு."

சரி என்றேன். நான் அவ்வளவு எளிதில் சரி என்கிற ஆள் இல்லை. ஆனால் மாப்பிள்ளை சேதுபதியிடம் ஒருமுறை போனில் பேசியிருந்தேன். அவர் குரலில் அவசரமே இல்லை. கேட்டுவிட்டு யோசித்துப் பதில் சொல்லும் ஆணை அதற்கு முன் நான் போனில் சந்தித்ததில்லை. இந்த இடம் அமைய வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது.

அவர் அக்கா பானுப்பிரியா, அக்கா கணவர் பாண்டித்துரை, அவர் என்று மூன்று பேர் ஒரு சன்னி காரில் வந்திருந்தார்கள். அவர்கள் அம்மா பரமக்குடியில் இருந்தார். பானு அக்கா அவரிடம் போனில் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. அதனால் என் அம்மா மாப்பிள்ளையைவிட அக்காவைத்தான் அதிகம் கவனித்தாள்.

நிஸ்வா கோட்டைக்குள் ஏறும் படிக்கட்டு குறுகல். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கதவு, கதவுக்கு மேலே ஓர் ஓட்டை. படையெடுத்து வருகிறவன் தலையில் பேரீச்சம்பழப் பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதற்காம். பாண்டித்துரை அதையெல்லாம் தானே கொத்தனார் வைத்துக் கட்டியதுபோல விளக்கிக்கொண்டே வந்தார். சேதுபதி அண்ணாந்து ஓட்டையைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"எங்க வீட்டு வாசல்லயும் இப்படி ஒண்ணு இருந்திருந்தா, எங்க மச்சான் உள்ள வந்திருக்கவே மாட்டாரு."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாதாம். அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே பாகு கொதித்தது. எனக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது, அதை என்ன செய்ய?

வெளியே பேரீச்ச மர நிழலில் ஹாட்பேக்கைத் திறந்தோம். ரூவியில் விடியற்காலை போட்ட பஜ்ஜி நிஸ்வா வருவதற்குள் துவண்டுபோயிருந்தது. கேசரி தப்பித்தது. பானு அக்கா இரண்டாம் முறை கேசரி கேட்டு வாங்கியதும் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. ரோஜாப்பூ பூக்கிற காலம், ஜெபல் அக்தர் மலையைப் பார்க்காமல் போகலாமா என்று அவளே ஆரம்பித்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மலை அடிவாரத்தில் போலீஸ் சோதனைச் சாவடி. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர்வீல் வண்டிக்கு மட்டும்தான் மேலே அனுமதி. சன்னியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு ஆறு பேரும் பஜேரோவில் ஏறினோம். போலீஸ்காரர் அப்பாவின் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, இறங்கும்போது சின்ன கியரில் வா என்று சொல்லி அனுப்பினார்.

என் அப்பா அம்மையப்பன் இருபது வருடத்துக்கு மேலாகக் கம்பெனி பிக்கப் ஓட்டுகிறார். எல்லாம் ரூவி, வாடி கபீர், துறைமுகம் என்று தட்டையான ரோடு. மலை ரோட்டில் அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. முதல் வளைவிலேயே பேச்சு நின்றுவிட்டது. அடுத்தடுத்த வளைவுகளில் அவர் கழுத்து வேர்த்து சட்டைக் காலர் நனைந்தது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. எதிரே தண்ணீர் லாரி ஒன்று இறங்கி வந்தது. அப்பா ஓரத்தில் அகலமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். இரண்டு கையும் நடுங்கின.

"என்னால ஆகலத்தா," என்றார் என்னிடம். வேறு யாரையும் அவர் பார்க்கவில்லை.

பாண்டித்துரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். கியருக்குப் பக்கத்தில் மலை ரோட்டுக்கென்று இருந்த குட்டி கியரைப் பார்த்தார். ஜன்னல் வழியே கீழே பார்த்தார். "இது வேற மாதிரி வண்டி. நம்ம வண்டின்னா பரவால்ல," என்று ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டார்.

எல்லோரும் சேதுபதியைப் பார்த்தார்கள்.

"எனக்கு லைசென்ஸ் இல்லை," என்றார் அவர்.

மேலே போகவும் யாராவது ஓட்ட வேண்டும், கீழே திரும்பவும் யாராவது ஓட்ட வேண்டும். அம்மா என்னைப் பார்க்காமல் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கையிலிருந்து சாவியை வாங்கினேன். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பியபோது இந்தச் சம்பந்தமும் போச்சு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கோட்டைப் படிக்கட்டில் சிரித்தது நினைவுக்கு வந்தது.

ஆனால் வண்டி நகர்ந்ததும் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எனக்குப் பிடித்த வேலை அது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, பாதி வளைவில் மெல்ல ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் பஜேரோ சொன்ன பேச்சைக் கேட்டு ஏறும். பின்னாலிருந்து பாண்டித்துரை "ஹார்ன் அடிம்மா, ரைட்ல வாம்மா" என்று வாயாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேதுபதி ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே இருந்த கைப்பிடியை மட்டும் விடவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே காற்று குளிர்ந்திருந்தது. படிப்படியாக வெட்டிய வயல்களில் ரோஜாச் செடிகள், அந்த வெயிலிலும் வாசனை. யாரும் அதைப் பார்க்கவில்லை. பானு அக்கா வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"வண்டி யாருது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "என்னோடது அக்கா."

"கல்யாணம் ஆனா துபாய்க்கு வரணும்ல?"

"வண்டியோடதான் வருவேன்."

இதைச் சொன்னதும் எனக்கே பகீரென்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பானு அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் சேதுபதி அங்கே இல்லை. சற்றுத் தள்ளி, கல் சுவரில் தனியாக உட்கார்ந்திருந்த என் அப்பாவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

சம்பந்திகள் முன்னால் கை நடுங்கியது அப்பாவுக்குத் தாங்கவில்லை. தன்னால்தான் மகள் காரியம் கெட்டது என்று உட்கார்ந்திருந்தார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

சேதுபதி அவர் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்தார். எங்களுக்கும் கேட்டது.

"மாமா, எறங்கும்போது நீங்க ஜன்னல் பக்கம் ஒக்கார வேணாம். நடுவுல ஒக்காருங்க. நானும் ஒங்ககூடப் பின்னாலயே வந்துர்றேன். எனக்கும் பயந்தான்."

காலையிலிருந்து அவர் அப்பாவை சார் என்றுதான் கூப்பிட்டார். அந்த 'மாமா' காதில் விழுந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா நிமிர்ந்தார். "ஒங்களுக்கா பயம்?"

"துபாய் ரோடு டெஸ்ட்ல எத்தன தடவ ஃபெயிலாயிருக்கேன்னு அக்காவக் கேளுங்க. ரவுண்டபவுட்டப் பாத்தாலே எனக்குக் காலு ஒதறும். வரும்போது ஒங்க மக ஓட்டுறதத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். வாயத் தொறந்தா அவுகளுக்குக் கவனம் சிதறும்னு பேசல. இந்த வண்டி துபாய்க்கு வரட்டும் மாமா. அவுககிட்டயே கத்துக்கிறேன்."

அப்பா சேதுபதியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பானு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "இவனே முடிவு பண்ணிட்டான், இனி நான் என்னத்தச் சொல்ல? எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். லைசென்ஸ் இல்லாதவனுக்கு லைசென்ஸ் உள்ள பொண்ணா அமைஞ்சிருச்சுன்னு சொல்றேன்."

பாண்டித்துரை முன் சீட்டுக் கதவைத் திறந்தார். "எறங்குறது கஷ்டம். நான் முன்னால ஒக்காந்து வழி சொல்றேன்."

"வழி ஒண்ணுதான் மச்சான்," என்றார் சேதுபதி. "அவுகளுக்குத் தெரியும்."

பானு அக்கா கணவரை நகர்த்திவிட்டு முன் சீட்டில் தானே ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

சின்ன கியரைப் போட்டு இறக்கத்தில் விட்டேன். முதல் வளைவு வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். நடு சீட்டில் என் அப்பாவும் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் கைகோத்தபடி, இரண்டு பேரும் இறுகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தது. கடைசி சீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"மெதுவா ஓட்டுத்தா. மாப்பிள்ளை ஒக்காந்திருக்காரு."

மெதுவாகத்தான் ஓட்டினேன்.