தட்டை மிதிக்காத தாவல்கள்

கூண்டுக்காரம்மாவின் கையில் கொடுத்த தாளில் நாலே வரி. கிப்பன் குரங்கு வெளியேறிவிட்டது. திடலைச் சுற்றியுள்ள அகழியை அது தாண்டியிருக்கவே முடியாது. ஆகவே பக்கக் கதவைப் பூட்டாமல் விட்டது பராமரிப்பாளரின் கவனக்குறைவு. ஏழு நாளுக்குள் தக்க பதில் வராவிட்டால் வேலை போகும்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மிருகக்காட்சி சாலையில் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம். பூட்டி, இழுத்துப் பார்த்து, நாலு எட்டு நடந்தபின் சந்தேகம் வந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிற பிறவி அவள். அவளைப் போய் பூட்டாதவள் என்கிறார்கள்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை அவள் வேலைக்கு வந்தபோது, சீமாட்டி டிக்கெட் அறையின் கூரைமேல் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். கிப்பன்களில் மூத்தவள், நடையிலேயே ஒரு மிடுக்கு, அதனால் அந்தப் பெயர். தீனி வாளியைத் தட்டியதும் இறங்கி வந்து கூண்டுக்காரம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பூட்டியிருந்த கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டது கூண்டுக்காரம்மாதான். அதற்கு முன் பூட்டைப் பார்த்த இன்னொரு கண் கிடையாது. வினையே அங்கேதான்.

‘தாண்டியிருக்கவே முடியாது’ என்பது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆராய்ச்சியாளர் கேமராவும் கம்பிகளுமாக வந்து இறங்கினார். எதைப் பார்த்தாலும் அளப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் அளவுக்காரர். பழைய கொட்டகையின் உத்திரத்தில் ஒரு இரும்புத் தட்டைப் பதித்தார். அதை மிதித்துத் தாவினால், கால் எவ்வளவு விசையோடு உந்தியது என்று கம்ப்யூட்டரில் கோடு விழும். தட்டை மிதிக்காத தாவலுக்குக் கோடு கிடையாது. கோடு இல்லாத தாவல் கணக்கிலும் கிடையாது.

சீமாட்டிக்கு அந்தத் தட்டைக் கண்டாலே ஆகாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உத்திரத்தில் இரண்டு காலால் ஓடி வருவாள். தட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே குந்தி, கைகளைக் கீழே வீசி, அதே வேகத்தில் முன்னால் தூக்கி எறிவாள். இடுப்பும் முழங்காலும் நிமிர, அந்த நீளக் கைகளின் கனமே உடம்பை இழுத்துக்கொண்டு போகும். பார்க்கிறவனுக்கு மூச்சு நின்றுவிடும். அளவுக்காரரோ உதட்டைப் பிதுக்கி, “இது சேராதுக்கா” என்பார்.

கடைசியில் தட்டின்மேல் பழத்துண்டு வைக்கச் சொன்னார். வைத்தது கூண்டுக்காரம்மாதான்; அதை நினைத்தால் இப்போது தன் கையையே அடித்துக்கொள்ளத் தோன்றியது. சீமாட்டி தட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தின்பாள். தின்று முடித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே சோம்பலாக ஒரு தாவு. அதில் மிக நீளமானது நாலு மீட்டர். அதை வைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் கூடுதல் பாதுகாப்பு என்று ஐந்து மீட்டரில் அகழி வெட்டிப் புதுத் திடலைக் கட்டினார்கள். வயிறு நிறைய விருந்து சாப்பிட்டவனை எழுப்பிவிட்டு, இவன் ஓட்டம் இவ்வளவுதான் என்று எழுதிக்கொண்ட கதை. அந்தத் திடலில், அகழியை நோக்கி ஓடி வர வாகாக நீண்ட உத்திரம் வேறு. திறந்து ஒரு மாதம் ஆவதற்குள் சீமாட்டி பாடம் நடத்திவிட்டாள்.

வீட்டில் புருஷன் வேறு யோசனை சொன்னான். பக்கக் கதவின் தாழ்ப்பாள் பழுது என்று எழுதினால் யாருக்கும் சேதம் இல்லை என்று மிருகக்காட்சி சாலை இயக்குநரே ஆள்விட்டுச் சொல்லியிருந்தாராம். கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றான். அன்று இரவு அவள் பாயைத் தனியாக விரித்தாள்.

விசாரணை இயக்குநரின் அறையில் நடந்தது. அளவுக்காரர் தன் கட்டுரையை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். தாழ்ப்பாள் கடிதம் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. கூண்டுக்காரம்மா பேனாவைத் தொடவில்லை.

“சார், சேராதுன்னு தள்ளின தாவல் எல்லாம் எங்க?” என்று அளவுக்காரரைக் கேட்டாள்.

அதெல்லாம் முறைப்படி கழித்தவை, அவற்றுக்கு மதிப்பில்லை என்றார் அவர்.

“மதிப்பு கிடக்கட்டும். படம் இருக்கா இல்லையா?”

இருந்தது. வேண்டாவெறுப்பாகப் போட்டுக் காட்டினார். மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றிலும் சீமாட்டி கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தட்டைச் சட்டை செய்யாமல் பறந்தாள். கொட்டகையின் பின்சுவரில் போட்டிருந்த அளவுக்கோடுகள் படத்திலேயே தெரிந்தன. எட்டாவது தாவலில் அளவுக்காரர் படத்தை நிறுத்தி, இரண்டு முறை எண்ணினார். ஐந்தே முக்கால் மீட்டர். அவருடைய முகம் வெளுத்துப்போனது. “தப்பு என்னுதுதான் சார்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னிக்கலாமா என்று கூண்டுக்காரம்மா யோசித்தாள். மனசு வரவில்லை.

இயக்குநர் தாழ்ப்பாள் கடிதத்தை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். அப்படியே முடித்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார்.

“தாழ்ப்பாள் நல்லாத்தான் இருக்கு. நான் பூட்டினேன். அவ தாண்டினா. அப்படியே எழுதுங்க.”

வேறு வழியில்லாமல் அப்படியே எழுதினார்கள். அவள்மேல் இருந்த குற்றச்சாட்டு ரத்தானது. அதே தாளின் அடுத்த பத்தியில் இன்னொரு உத்தரவு இருந்தது: அகழியை அகலப்படுத்தி முடிக்கும் வரை, எட்டு மாதம், விலங்கைக் கூரை போட்ட சிறு கூண்டில் அடைக்க வேண்டும்.

“அளந்தவங்க செஞ்ச தப்புக்கு அவளுக்கு ஜெயிலா?” என்று கேட்டாள். பாதுகாப்பு விதி அம்மா, நான் என்ன செய்ய என்று இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்; இங்கே பழி அவளைவிட்டு இறங்கி நேராகப் போய் வாயில்லாத ஜீவன்மேல் ஏறிக்கொண்டது.

வேறு யார் கூப்பிட்டாலும் சீமாட்டி வரமாட்டாள். சாயங்காலம் கூண்டுக்காரம்மாவே கூட்டிக்கொண்டு போனாள். சிறு கூண்டின் நீளம் மூன்று மீட்டர்கூட இல்லை. உள்ளே இறங்கிய சீமாட்டி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாலாவது எட்டில் சுவர் வந்துவிட்டது. அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தாள்.

கூண்டுக்காரம்மா கதவைச் சாத்திப் பூட்டினாள். இந்த முறை அவள் பூட்டினாளா என்று யாருமே கேட்கவில்லை.