முப்பத்தொன்பது விழுக்காடு

தேக்கா சந்தையில் இந்திய ரோஜாக் என்ற பொரியல் கலவை விற்கும் ஸைஃப் அந்த வியாழக்கிழமை காலை என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா"கூடச் சொல்லவில்லை. பொரித்த தவ்குவா, அதாவது கெட்டிச் சோயாக் கட்டித் துண்டு ஒன்றை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். தூக்கும்போதே அது பாதியாக உடைந்து தட்டில் விழுந்தது.

"உங்க கம்பெனி சரக்குதான் இது லீலாக்கா. எண்ணெயில போட்டா சாம்பல் மாதிரி உதிருது. கஸ்டமருக்கு ஸ்பூன் கொடுக்க வேண்டியிருக்கு லா. அடுத்த வாரம் வேற ஆள்கிட்ட எடுக்கப் போறேன், தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம். செம்பவாங்கில் இருக்கும் அந்தத் தவ்குவா தொழிற்சாலையில் நான்தான் தரப் பரிசோதகர். மூன்று வாரமாகக் கட்டி சரியாக உறையவில்லை என்பது எனக்கும் தெரியும். யார்மேல் பழி விழுந்திருக்கிறது என்பதும் தெரியும்.

பழி இயேசுதாசன் அண்ணன்மேல். கொதித்த சோயாப் பாலில் ஜிப்சம் தண்ணீரை ஊற்றி உறைய வைப்பது அவர் வேலை. எவ்வளவு வேகத்தில் ஊற்றுவது, எப்போது கிண்டுவதை நிறுத்துவது எல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். வயது அறுபத்து மூன்று. ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இந்த முறை புதுப்பிக்க வேண்டாம் என்று கொள்முதல் நிர்வாகி ஜெய் எழுதிக் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி திருவாட்டி கோ முடிவு சொல்வார்.

ஜெய் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். போன மாதம்தான் பழைய சோயா பீன்ஸை நிறுத்திவிட்டு வேறு நாட்டிலிருந்து புது பீன்ஸ் இறக்கினான். "பழசுல புரோட்டீன் முப்பத்தாறு, புதுசுல முப்பத்தொன்பது, விலையும் கம்மி" என்று சான்றிதழைக் காட்டினான். நானும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பீன்ஸ் முன்னைவிட நல்லது என்றால் குற்றம் கையில்தானே? அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நினைத்தேன். போன வாரம் அண்ணனிடம், "பாலிக்ளினிக்ல ஒரு தடவை கண்ணைக் காட்டுங்களேன்" என்று நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரிம்மா" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு அப்போதே உறைத்திருக்கும்.

தேக்காவிலிருந்து ரயில் பிடித்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனேன். இரண்டு சான்றிதழ்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் எண்ணுக்குக் கீழே 'பதின்மூன்று விழுக்காடு ஈரப்பதத்தில்' என்று இருந்தது. புதியதில், கொசு அளவு எழுத்தில், 'உலர் நிலையில்'.

அடப்பாவி!

பழைய பீன்ஸ் அனுப்பியவர்கள் அதில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து நிறுத்துக் கணக்குச் சொன்னார்கள். புதியவர்கள் தண்ணீர் அத்தனையையும் கழித்துவிட்டுச் சொன்னார்கள். ஐஸோடு நிறுத்த மீனையும் ஐஸ் இல்லாமல் நிறுத்த மீனையும் ஒப்பிட்ட கதைதான். ஒரே அளவுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். புது பீன்ஸில் புரதம் முப்பத்து நான்குகூட வரவில்லை. அந்தப் பாலில் கடவுளே வந்து ஜிப்சம் ஊற்றினாலும் கெட்டியாக உறையாது.

சந்தேகம் தீரப் புது பீன்ஸ் அனுப்பியவர்களுக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த பெண் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள். அது அதிக விளைச்சலுக்காக உண்டாக்கிய ரகமாம். மூட்டை கூடினால் புரதம் குறைவது வழக்கம்தானாம். போதாததற்கு அந்த வருஷம் கோடை குளிராக இருந்து, சீக்கிரமாகவும் முடிந்துவிட்டது. மண் ஈரத்தில் ஊறிக் கிடந்ததால் வேர்முடிச்சுகள் சரியாகப் பிடிக்கவில்லை, செடிக்குத் தழைச்சத்து பற்றவில்லை. "இதையெல்லாம் உங்கள் ஜெய்க்கு எழுதியிருந்தோமே, இரண்டாம் பக்கத்தில்" என்றாள்.

இரண்டாம் பக்கம்! முதல் பக்கத்தோடு ஒரு மனிதனின் வேலையை முடித்துவிட்டான்.

பீன்ஸ் ஊறப் போடும் பகுதிக்கு ஓடினேன். கிடங்கில் பழைய பீன்ஸ் நாலு மூட்டை மிச்சம் இருந்தது. மறுநாள் முதல் தொட்டிக்கு அதை ஊறப் போடச் சொல்லிவிட்டு ஜெய்யின் அறைக்குப் போனேன்.

அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அக்கா, பீன்ஸ் பீன்ஸ்தானே. ரெண்டு பர்சென்ட்ல என்ன ஆகப் போகுது?"

"ரெண்டு பர்சென்ட்டா? அந்த ரெண்டு இல்லாமத்தான் தேக்காவுல தவ்குவாவை ஸ்பூன்ல அள்ளித் திங்கிறாங்க!"

"மெதுவா பேசுங்க லா. சான்றிதழ்ல சைன் பண்ணது நீங்கதான், மறந்துட்டீங்களா? அங்கிளுக்கும் வயசாச்சு, வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும். எதுக்கு உங்களுக்கு ஹெட்ஏக்?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. தன் தப்பை மறைக்க என் கையெழுத்தைக் கேடயமாகப் பிடிக்கிறான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் கை நீண்டுவிடும் என்று வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளி காலை பத்து மணிக்குக் கூட்ட அறையில் அண்ணன் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில். கையில் பாலிக்ளினிக் சீட்டு. "கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப கைதான்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

திருவாட்டி கோ உட்கார்ந்ததும் அவர் வாயைத் திறக்குமுன் நான் இரண்டு தாள்களையும் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு எண்ணாக விளக்கினேன். என் குரல் தொழிற்சாலை முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

"இதை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டது யார்?" என்று கேட்டார் திருவாட்டி கோ. ஜெய் தரையைப் பார்த்தான்.

"நான்தான், மேடம். எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதல் தொட்டியில் இன்று பழைய பீன்ஸ் இருக்கிறது. கீழே வந்து பாருங்கள்."

எல்லோரும் இறங்கிப் போனோம். அண்ணன் கையுறை மாட்டினார், பாலை ஒரு சுற்றுச் சுற்றினார், ஜிப்சம் தண்ணீரை ஊற்றினார், கரண்டியை வெளியே எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பால் கெட்டியாக உறைந்தது. அழுத்தி எடுத்த கட்டியைத் திருவாட்டி கோ விரலால் குத்திப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை. "மிஸ்டர் தாசன், மாடிக்கு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெய் போனை எடுத்துக் குழுவுக்குச் செய்தி தட்டினான். என் போனிலும் வந்தது: 'பிரச்சினை தீர்ந்தது, அனைவருக்கும் நன்றி.' அவ்வளவுதான். அண்ணன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஜெய், போனைக் கீழ வை. அண்ணன்கிட்ட ஸாரி சொல்லு. மெசேஜ்ல இல்ல, வாயால."

"அக்கா, இது சிஸ்டம் இஷ்யூ..."

"சிஸ்டமா அவருக்கு வேலை வேணாம்னு எழுதிக் கொடுத்துச்சு? சரி, நானே முதல்ல சொல்றேன்." அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, பீன்ஸைப் பாக்காம உங்க கண்ணைக் காட்டச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கையுறையைக் கழற்றித் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விடும்மா. மூணு வாரமா வீட்டுல டீகூட நான் கலக்கல. எல்லாத்தையும் என் வீட்டுக்காரி அமலாவையே கலக்கச் சொன்னேன். என் கையை நானே நம்பல."

ஜெய் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான்.