தாயம்மாவின் பல்

“மாமா, வாயைத் திறங்க.”

பேபி கேட்டே விட்டாள். அம்பத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து திருவேற்காட்டில் இறங்கும்வரை அவள் அப்பா அய்யாசாமி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். “சம்பந்தி ஊட்டுல அவுங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கணும். மாப்ளய மட்டும் ஒண்ணும் கேட்டுடாத. பொண்ணக் குடுத்தவங்க நாம.”

மாப்பிள்ளை சம்பத் நாற்காலியில் இருந்தான். ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். வலது கன்னத்தில் புகையிலை ஒதுங்கியிருந்தது. அவன் அம்மா அங்கம்மா கட்டிலில்; அவள் வாயிலும் புகையிலை. தரையில், அய்யாசாமியின் முதுகுக்குப் பின்னால், முந்தானையால் வாயை மூடியபடி பேபியின் அக்கா தாயம்மா. மடியில் பத்து மாதக் குழந்தை. வாய் நாறுகிறது, தலையணையில் ரத்தம் படுகிறது, இது உங்கள் வம்சத்து வியாதி என்று சொல்லி நாலு மாதம் முன்பு அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து தள்ளியிருந்தார்கள். அவளுக்கு வயது இருபத்து நாலு.

இன்று கூப்பிட்டு அனுப்பியது திரும்பச் சேர்த்துக்கொள்ளத்தான். ஆனால் ஒரு நிபந்தனை. பூந்தமல்லியில் பல்செட் கட்டுகிறவன் ஒருத்தன் இருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை அவனிடம் தாயம்மாவின் பல்லை மேலும் கீழும் ஒன்று விடாமல் பிடுங்கிவிட வேண்டும். ஈறு ஆறியதும் செட் மாட்டி அழைத்துவர வேண்டும்.

“யார்கிட்ட இன்னா கேக்குற?” என்றாள் அங்கம்மா. “பி.எஸ்ஸி. படிச்சா ஆம்பள வாயில பல்லு எண்ணலாம்னு சொல்லிக் குடுத்தாங்களா?”

“வம்சத்து வியாதின்னீங்களே அத்தே. எங்க வம்சத்தப் பாத்தாச்சு. உங்க வம்சத்தையும் பாத்துடலாமே.”

போன வாரம் பேபி லீவு போட்டுவிட்டு அக்காவை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். அங்கிருந்த பெண் டாக்டர் தாயம்மாவின் உதட்டை விலக்கிக் காட்டினார். ஈறு கறுப்பாக இருந்தாலும் இளஞ்சிவப்பாக இருந்தாலும் குற்றமில்லை; பல்லை இறுக்கிக் கவ்வியிருக்க வேண்டும். தாயம்மாவுக்கு அது ஊதிப் பளபளத்தது. தொட்டால் ரத்தம், அழுத்தினால் சீழ். முன்பற்கள் நீண்டுவிட்ட மாதிரி இருந்தன. பல் எங்கே வளர்ந்தது? ஈறுதான் இறங்கிவிட்டது. டாக்டர் வளைந்த ஊசி ஒன்றால் பல்லடியில் சுரண்டி, மஞ்சள் பொருக்கு ஒன்றைப் பஞ்சில் வைத்துக் காட்டினார்.

“இதாம்மா நோவு. பல்லு மேல தினம் படியிற அழுக்கு. எடுக்காம விட்டா கல்லா இறுகிடும். ஈறு அதை விட்டு விலகிப் போகும், உள்ள இருக்கிற எலும்பு கரைஞ்சு போகும். கீழ ரெண்டு பல்லு போனதுதான். மத்ததெல்லாம் சுத்தம் பண்ணினா பொழைக்கும். எப்பலேந்து பல்லு வெளக்கல?”

தாயம்மா அங்கேயே உடைந்து அழுதாள். ஏழாம் மாதத்தில் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சி வாயில் ரத்தம் வந்தால் வீட்டுக்கு ஆகாது, இனிமேல் பல்லில் விரல் வைக்காதே என்று அங்கம்மா தடுத்துவிட்டாள். வெறும் தண்ணீரில் கொப்பளித்ததோடு சரி. பிள்ளை பிறந்த பிறகும் அதே சட்டம்தான்: பச்சை உடம்புக்காரி பல் துலக்கினால் பல் ஆடிவிடும். தொடாமல் இருக்க இருக்க ரத்தம் கூடியது. ரத்தம் கூடக் கூட, தொடாதே என்ற அதட்டலும் கூடியது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஈறு சீக்கிரம் வீங்கும், அப்போதுதான் ஒருநாள்கூட விடாமல் விளக்க வேண்டும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் பேபி ஒன்று விடாமல் அங்கம்மாவிடம் சொன்னாள்.

“எட்டுப் புள்ள பெத்தவ நான்,” என்றாள் அங்கம்மா. “என் வாயில ஒரு சொட்டு ரத்தம் வந்துகீதா? பொயல போடுடி, நின்னுடும்னு இவளுக்கும் குடுத்தேன். மகாராணி காறித் துப்பிட்டா.”

“ரத்தம் நிக்கும் அத்தே. நோவு நிக்காது. பொயல போடறவங்களுக்கு ரத்தம் வெளிய தெரியாதாம், உள்ளுக்குள்ளயே அரிச்சிகினு போவுமாம். உங்க வாயில எத்தினி பல்லு கீது?”

“கெழவி வாயில உனக்கு இன்னாடி வேல?”

“மாமாவும் கெழவனா? முப்பது வயசுல மேல்பல்லு நாலு எங்க போச்சு?”

“ஃபேக்டரில ராடு பட்டு வுழுந்துச்சு,” என்றாள் அங்கம்மா. கல்யாணத்தின்போதும் அவள் இதையேதான் சொல்லியிருந்தாள்.

“நாலும் ஒரே நாள்லயா மாமா? இல்ல, ஒண்ணொண்ணா ஆடி கையோட வந்துச்சா?”

சம்பத்தின் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. அது போதும் பேபிக்கு.

“ஆம்பளைக்கு இன்னா வந்துச்சு?” அங்கம்மா கத்தினாள். “இவன் வாய யாரு மோந்து பாக்கப் போறா?”

“நாந்தான் அத்தே,” என்றாள் தாயம்மா. “மூணு வருசமா.”

அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னாள். சம்பத் எழுந்து வாசல் பக்கம் போய்ப் புகையிலையைத் துப்பிவிட்டு வந்தான். வந்தவன் மாமனாரைப் பார்த்துச் சொன்னான்: “இந்தக் காலேஜிகாரிய இட்டுகினு வந்து என்னை அசிங்கப்படுத்தணும்னே வந்தியா நைனா? வெள்ளிக்கிழம புடுங்கினா இங்க வரட்டும். இல்லன்னா உங்கூட்டுலயே வச்சிக்க.”

அய்யாசாமி கும்பிட்டார். “சின்னப் பொண்ணு மாப்ள, புத்தி கெட்டுப் பேசிடுச்சு. நானே கூட நின்னு புடுங்கி இட்டாறேன்.”

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கி, இந்தச் சின்னப் பொண்ணைப் படிக்க வைத்தவர் அவர். என் மக டிகிரி என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தவர். படிப்பு முதன்முதலாக வீட்டுக்கு உதவ வந்த நாளில், அதற்காக ஒரு புகையிலை வாயனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாயம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “ஏங்க, பல்லே இல்லாம வந்தா எம்மூஞ்ச ஏறெடுத்துப் பாப்பீங்களா?”

சம்பத் காலண்டரைப் பார்த்தான்.

பேபி குனிந்து அக்கா மடியிலிருந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “திங்கக்கெழம சுத்தம் பண்ண டாக்டர் வரச் சொல்லிக்கீறாங்க. ஆபீசுல லீவு லெட்டர் சனிக்கிழமையே குடுத்துட்டேன்.”

“சனிக்கிழமையேவா? அப்போ இங்க எதுக்குடி வந்த?” என்றார் அய்யாசாமி.

“நீ கூப்ட, வந்தேன்.”

வாசலில் செருப்பைத் தேடி மாட்டினாள். உள்ளே அங்கம்மாவின் வசவு கூரையைப் பிய்த்தது. பேபி தெருவில் இறங்கி நடந்தாள். அக்கா வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை இவள் இடுப்பில் இருந்தது. அது போகிற இடத்துக்குத் தாயம்மா வந்துதான் ஆக வேண்டும்.